இரண்டரை நிமிடத்துக்கு என்ன விலை?

வேகமாகப் போனால் மிச்சம் எவ்வளவு? நட்டம் எவ்வளவு?

திசையன்விளை வியாபாரம் தெரிந்த ஊர். கருப்பட்டி வாங்கினாலும், முருங்கைக்காய் விற்றாலும், போட்ட பணத்துக்கு என்ன வரும் என்று கணக்குப் பார்த்துவிட்டுத்தான் இந்தப் பக்கத்து மக்கள் காரியத்தில் இறங்குவார்கள்.

ஒரே ஒரு காரியத்தில் மட்டும் பலர் கணக்குப் பார்ப்பதில்லை. அதுதான் வேகம்!

நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் போனால் நான்கு வழிச்சாலை கிடைக்கிறது. உவரிப் பக்கம் திரும்பினால் கிழக்குக் கடற்கரைச் சாலை. ரோடு நன்றாக இருக்கிறது. வண்டியும் புதிது. கை தானாக முறுக்குகிறது. கால் தானாக மிதிக்கிறது.

சில நாள் கழித்துச் செல்போனுக்கு ஒரு செய்தி வருகிறது. அனுமதித்த வேகத்தை மீறியதற்கு அபராதம்!

"என்ன அண்ணாச்சி இது! வேகமாகப் போகத்தானே ரோடு போட்டிருக்கிறார்கள்? கொஞ்சம் வேகமாகப் போனதற்கு ஆயிரம் ரூபாயா?"

டீக்கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கேள்வி நியாயமானதுதான். வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்த்தால் விடை தெரிந்துவிடும்.

வரவுப் பக்கம்

வேகமாகப் போவதால் வரும் லாபம் ஒன்றே ஒன்றுதான். அது நேரம்.

பத்து கிலோமீட்டர் தூரம் போக வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அரை மணி நேரம் ஆகும். வேகத்தை 40 ஆக்கினால் கால் மணி நேரத்தில் போய்விடலாம். மிச்சம் 15 நிமிடம். நல்ல லாபம்!

அதையே 60 ஆக்கினால் பத்து நிமிடம். மிச்சம் 5 நிமிடம்தான்.

இன்னும் 20 கூட்டி 80 ஆக்கினால் ஏழரை நிமிடம். மிச்சம் இரண்டரை நிமிடம்.

நூறு ஆக்கினால்? ஆறு நிமிடம். மிச்சம் வெறும் ஒன்றரை நிமிடம்!

ஒவ்வொரு முறையும் கூட்டியது அதே 20 கிலோமீட்டர்தான். ஆனால் லாபம் 15, 5, இரண்டரை, ஒன்றரை என்று தேய்ந்து கொண்டே போகிறது. முதல் போடப் போட வருமானம் குறைகிற வியாபாரத்தை எந்த வியாபாரியாவது நடத்துவாரா?

இதுவும் காகிதத்தில் வருகிற லாபம்தான். வழியில் ஊர் வரும். வேகத்தடை வரும். ஆட்டு மந்தை குறுக்கே வரும். சர்ரென்று முந்திக்கொண்டு போனவர், ரயில்வே கேட்டில் நமக்குப் பக்கத்திலேயே நின்று கொண்டிருப்பார்!

செலவுப் பக்கம்

இனி செலவைப் பார்ப்போம். முதல் செலவு பெட்ரோல். ஆடி மாதக் காற்றுக்கு எதிராகச் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது தெரியும். காற்றாலைகளைச் சுற்ற வைக்கும் அந்தக் காற்று, ஆளைப் பின்னுக்குத் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். 60ல் போகிற வண்டி 80ல் போனால், எதிர்ப்பு ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடும். அதைத் தள்ளிக்கொண்டு போகப் பெட்ரோல்தான் எரிய வேண்டும்.

ஆனால் இது சில்லறைச் செலவு. பெரிய செலவு வேறு இருக்கிறது.

ரோட்டில் திடீரென்று ஒரு சிறுவன் பந்தைத் துரத்திக்கொண்டு ஓடி வருகிறான். டிரைவர் பார்க்கிறார். பார்த்தவுடன் வண்டி நிற்குமா? நிற்காது. கண் பார்த்து, மூளை உணர்ந்து, கால் பிரேக்கை அழுத்தவே ஒரு விநாடி போய்விடும். அந்த ஒரு விநாடியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் 55 அடி தூரம் ஓடிவிடும். பிரேக் பிடித்த பிறகும் சறுக்கிக்கொண்டு சுமார் 65 அடி போகும். ஆக, நிற்பதற்கு 120 அடி வேண்டும்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால்? சுமார் 190 அடி!

நல்ல டயர், நல்ல பிரேக், காய்ந்த ரோடு என்றால்தான் இந்தக் கணக்கு. மழை பெய்திருந்தாலோ, ரோட்டில் தேரி மணல் படிந்திருந்தாலோ தூரம் இன்னும் கூடும்.

இதிலே இன்னொரு பயங்கரம் இருக்கிறது. அந்தச் சிறுவன் 120 அடி தூரத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 60ல் வந்த கார் அவன் முன்னால் வந்து நின்றுவிடும். பையன் பயந்து அழுவான். வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவான்.

80ல் வந்த கார் அதே இடத்துக்கு வரும்போது, பிரேக் பிடித்த பிறகும் 60 கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். அந்த வேகத்தில்தான் அவன் மீது மோதும்.

இரண்டு டிரைவர்களும் கெட்டவர்கள் அல்லர். இருவரும் ஒரே நேரத்தில்தான் பிரேக் பிடித்தார்கள். வித்தியாசம் 20 கிலோமீட்டர் வேகம். அதனால் கிடைத்த லாபம், பத்து கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம்!

பனை மரக் கணக்கு

வேகம் என்றால் என்னவென்று கண்ணுக்குத் தெரிவதில்லை. உயரம் தெரியும். ஆகவே உயரத்தை வைத்துச் சொன்னால் எளிதாக விளங்கும்.

40 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவது, 20 அடி உயரத்திலிருந்து தரையில் விழுவதற்குச் சமம். 60 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் அது 46 அடி. நன்றாக வளர்ந்த ஒரு பனையின் உச்சியிலிருந்து விழுவதைப் போல!

80 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால் 82 அடி. ஒரு பனை மேல் இன்னொரு பனையை நிறுத்தி, அதன் உச்சியிலிருந்து விழுவதற்குச் சமம்.

பனையேறுகிறவர் ஒவ்வோர் அடியையும் பார்த்துத்தான் வைப்பார். கை நழுவினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மோட்டார் சைக்கிளை முறுக்குகிற வாலிபரும் அதே உயரத்தில்தான் இருக்கிறார். தரை பக்கத்திலேயே தெரிவதால் பயம் வருவதில்லை. ஹெல்மெட் தலையைக் காக்கும். அவசியம் போட வேண்டும். ஆனால் ஹெல்மெட் போட்டதால் மரத்தின் உயரம் குறைந்துவிடாது!

மூன்று நிமிடத்துக்கு ஓர் உயிர்

2022ம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். இது மத்திய அரசு வெளியிட்ட கணக்கு. சராசரியாக மூன்று நிமிடத்துக்கு ஓர் உயிர் போயிருக்கிறது. இறந்தவர்களில் நூற்றுக்கு 71 பேர் அதிவேகத்தால் நடந்த விபத்துகளில் இறந்தவர்கள்.

அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம்: 64,105. உயிரிழந்தவர்கள் 17,884 பேர். அதாவது, தினமும் 49 வீடுகளில் அழுகைச் சத்தம்!

சராசரி வேகம் நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால், உயிர் போகும் விபத்துக்கான அபாயம் நூற்றுக்கு நான்கு பங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. லாபம் தேய்கிறது, ஆபத்து நாலுகால் பாய்ச்சலில் ஓடுகிறது.

சைக்கிளில் துரத்திய போலீஸ்காரர்

வேகத்துக்கு அபராதம் என்பது புதிய வழக்கம் அல்ல. மோட்டார் வண்டி பிறந்தபோதே அதுவும் பிறந்துவிட்டது.

1896ம் ஆண்டு ஜனவரி 28ந் தேதி இங்கிலாந்தில் கென்ட் மாவட்டத்தில் வால்டர் ஆர்னால்டு என்பவர் காரில் போனார். அங்கே அனுமதித்த வேகம் மணிக்கு 2 மைல். அவர் போன வேகம் 8 மைல்! ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் 5 மைல் தூரம் துரத்திப் பிடித்தார். வேகமாகப் போனதற்கு அபராதம் ஒரு ஷில்லிங்.

இன்று படித்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் லண்டனில் ஒரு பெண் கார் மோதி இறந்து போனார். பிரிட்டனில் மோட்டார் காருக்குப் பலியான முதல் பாதசாரி அவர்தான். அந்தக் காலத்துக் காரின் வேகம் ஏறக்குறைய இன்றைய சைக்கிளின் வேகம்தான்!

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தை 2019ல் மத்திய அரசு திருத்தியது. அதன்படி கார் போன்ற இலகு வாகனம் வேக வரம்பை மீறினால் அபராதம் ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை. லாரி, பஸ் போன்ற பெரிய வாகனங்களுக்கு ரூ.2,000 முதல் ரூ.4,000 வரை. மறுபடியும் அதே குற்றம் செய்தால் லைசென்சைப் பறிமுதல் செய்யலாம். தமிழ்நாட்டில் உயர்ந்த அபராதங்கள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

வேக வரம்பை 2018 ஏப்ரலில் மத்திய அரசு உயர்த்தியது. நான்கு வழிச்சாலையில் காருக்கு 100 கிலோமீட்டர் என்று அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2021ல் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. 2023 நவம்பரில் சென்னை நகரப் போலீசார் காருக்கு 60, மோட்டார் சைக்கிளுக்கு 50, ஆட்டோவுக்கு 40, குடியிருப்புத் தெருக்களில் 30 என்று வரம்பு வைத்தார்கள். சாலையோரப் பலகையில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து ஓட்டுவதே எங்கும் நல்லது.

"எல்லாம் வருமானத்துக்குத்தான்!"

அபராதம் என்றதும், "அரசாங்கம் பணம் பிடுங்குகிறது" என்று சிலர் சொல்கிறார்கள். அதை அப்படியே தள்ளிவிட முடியாது. பலகை வைக்காத இடத்தில் ஒளிந்திருந்து பிடித்தால் யாருக்கும் கோபம் வரும்.

அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. கேமரா வைத்திருக்கும் சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். வேகம் அளக்கும் கருவிக்கு ஆண்டுதோறும் சான்று பெற வேண்டும். நோட்டீசில் போட்டோ, அளந்த வேகம், இடம், தேதி, நேரம் எல்லாம் இருக்க வேண்டும். சம்பவம் நடந்த 15 நாளுக்குள் அதை அனுப்ப வேண்டும். இந்த விதிகள் 2021ல் வந்தன. தவறு இருந்தால் ஆட்சேபிக்கலாம், கோர்ட்டுக்கும் போகலாம்.

இன்னொரு குறையும் உண்டு. கூலிக்காரருக்கு ஆயிரம் ரூபாய் என்பது பெரிய தொகை. சொகுசுக் காரில் போகிறவருக்கு அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. பின்லாந்து நாட்டில் வருமானத்தைப் பார்த்து அபராதம் போடுகிறார்கள். நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வரம்புள்ள இடத்தில் மோட்டார் சைக்கிளில் 75ல் போனார். 2002ல் அவருக்குப் போட்ட அபராதம் 1,16,000 யூரோ! பிறகு மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது.

வேகத்தைக் குறைத்தால் பலன் உண்டா? அமெரிக்காவைப் பார்க்கலாம். எண்ணெய் நெருக்கடி வந்தபோது, பெட்ரோலை மிச்சப்படுத்த 1974ல் நாடு முழுவதும் 55 மைல் வரம்பு வைத்தார்கள். 1973ல் சாலைகளில் இறந்தவர்கள் சுமார் 54,000 பேர். 1974ல் அது சுமார் 45,000 ஆகக் குறைந்தது. பயணம் குறைந்ததும் ஒரு காரணம். வேகம் குறைந்ததும் ஒரு காரணம். பெட்ரோலைக் காப்பாற்றப் போனவர்கள் உயிர்களையும் காப்பாற்றினார்கள்!

பெற்றோர் கவனத்துக்கு

பதினெட்டு வயது ஆகாத பிள்ளையிடம் வண்டிச் சாவியைக் கொடுப்பதைச் சிலர் பெருமையாக நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை குற்றம் செய்தால் தண்டனை பெற்றவருக்கு, அல்லது வண்டியின் சொந்தக்காரருக்கு. ரூ.25,000 அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி விபத்து நடந்தால், இன்சூரன்ஸ் நிறுவனம் கொடுத்த நஷ்டஈட்டை வண்டிச் சொந்தக்காரரிடமே திரும்பக் கேட்கவும் வழி உண்டு.

"ஆஸ்பத்திரி அவசரம் என்றால் என்ன செய்வது?" என்று கேட்கலாம். அதற்குத்தான் 108 ஆம்புலன்ஸ் இருக்கிறது. மற்ற அவசரங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே பிறக்கின்றன. கிளம்பத் தாமதம், அதைச் சாலையில் ஈடுகட்டப் பார்க்கிறோம்.

கணக்கை முடித்துப் பார்த்தால் வரவு இரண்டரை நிமிடம். செலவுப் பக்கத்தில் ஆயிரம் ரூபாய் அபராதம்தான் மிகச் சிறிய தொகை. அதற்குக் கீழே கை இருக்கிறது, கால் இருக்கிறது, சம்பாதிக்கிற ஒருவரை நம்பியிருக்கும் குடும்பம் இருக்கிறது, ரோட்டைக் கடக்கிற யாரோ ஒருவர் பெற்ற பிள்ளை இருக்கிறது.

அந்த இரண்டரை நிமிடத்தை இலவசமாகப் பெற ஒரு வழி உண்டு. வீட்டை விட்டுப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் போதும்!