மல்லிகையும் கத்தரியும்

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியைப் புகழாத தமிழ் மாணாக்கர் இலர். யாமும் புகழ்ந்தோம். அப்புகழ்ச்சி மயக்கத்தால் மல்லிகைச் செடி ஒன்றிற்கு யாம் இழைத்த தீங்கினையும், அதனாற் பெற்ற கருத்தினையும் ஈண்டு அன்பர்முன் வைக்க விழைகின்றோம்.

எம் விடுதி முற்றத்தில் குண்டுமல்லிகைப் புதர் ஒன்று உண்டு. யாம் இங்குச் சேர்ந்த ஆண்டின் கார்த்திகையில் தோட்டக்காரர் கத்தரியுடன் அதனை அணுகினார். தழைத்துப் பசுமையாய் நின்ற செடியைப் பாதியாக வெட்டுதல் கொடுமை எனக் கருதி, யாம் சிலர் தடுத்தோம். "தம்பி, இன்றைக்குப் பாவம் பார்த்தால் பங்குனியில் பூப் பார்க்க முடியாது" என்றார் அவர். யாம் கேட்டிலோம். பங்குனியும் வந்தது. இலையே மிகுந்திருந்தது; உட்புறம் இருண்டு, காய்ந்த குச்சிகள் பின்னிக் கிடந்தன; மொக்குகளோ விரல்விட்டு எண்ணத்தக்கன. அடுத்த கார்த்திகையில் யாமே சென்று அவரை அழைத்து வந்தோம்.

அவர் முன்னரே சில நாள் நீர் விடுதலை நிறுத்தியிருந்தார். காய்ந்த கிளைகளையும் நோயுற்றவற்றையும் அடியோடு களைந்தார்; எஞ்சியவற்றை முழங்கால் உயரத்திற்குக் கத்தரித்தார். பின்னர், சுற்றிலும் மண்ணைக் கிளறி, மக்கிய தொழுவுரம் இட்டு நீர் பாய்ச்சினார். நவம்பர்த் திங்கள் இறுதி வாரத்தில், நிலத்தினின்றும் 50 சென்டிமீட்டர் உயரத்தில் வெட்டுக என்பதே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் அறிவுரையுமாம். காரணம் எளிது. மல்லிகை புதுத் தளிர்களிலேயே பூக்கும் இயல்பினது. முதிர்ந்த கிளையை வெட்டினால் பக்கத் தளிர்கள் பல கிளைக்கும். வெயிலும் காற்றும் உள்ளே புகும். ஆயின், காலம் தவறி மாசியில் வெட்டுவோமாயின், அரும்பவிருக்கும் தளிர்களையே வெட்டியவராவோம்.

பிற பேணுமுறைகள் அரியன அல்ல. நாள் முழுதும் வெயில்படும் இடம் வேண்டும். 30 சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியில் தொழுவுரம் கலந்து, வேரூன்றிய பதியனை நடுதல் வேண்டும். இச்செடி விதையாற் பெருகுவதன்று. பூக்குங் காலத்து நீர் குறைதல் ஆகாது. வேரடியில் நீர் தேங்குதலும் ஆகாது. தேங்கின் இலை மஞ்சளிக்கும்.

"இலக்கியம் பயில்வார்க்கு இவை எற்றுக்கு?" என்பாரும் உளர். மலரைப் பாட்டில் மட்டும் கண்டமையாலன்றோ யாம் பிழைத்தோம்! பாரியின் செயலையும் யாம் செவ்வனே உணர்ந்திலோம். பற்றுக்கோடின்றித் தளர்ந்த முல்லைக்கு வேண்டியது கொழுகொம்பு. அதனை அவன் ஈந்தான். எம் மல்லிகைக்கு வேண்டியது கத்தரி. அதனை யாம் மறுத்தோம். வேண்டுவது இன்னதென அறியாத இரக்கம், இரங்கப்பட்டதற்கே ஊறாய் முடியும். காய்க்கும் கொடிக்கும் வெட்டு உண்டென்னும் நற்செய்தி உவமையை ஆலயத்தில் பன்முறை கேட்டிருந்தும், முற்றத்தில் அதனை மறந்தோம்.

ஆகலின் யாம் வேண்டுவது ஒன்று. விடுதி மாணவர் பதின்மர்க்கு ஒரு செடியாகப் பகுத்துக்கொண்டு, தோட்டக்காரரை ஆசானாகக் கொண்டு, நட்டு, வெட்டி, நீர்விட்டுப் பேணுதல் வேண்டும். அவர் ஏட்டுக்கல்வி பெற்றிலர். எனினும் எம்மினும் அச்செடியை நன்கு கற்றவர் அவரே.

இவ்வாண்டுப் பங்குனியில் புதர் முழுதும் அரும்பிற்று. கதிர் எழுமுன் மொக்குகளைக் கொய்து, முதற் கூடையை அவர் கையிற் கொடுத்தோம். அவர் முன்னை நிகழ்ச்சியைப் பற்றி ஒன்றும் கூறிற்றிலர். வரும் கார்த்திகையில் கத்தரியை எம்மையே பிடிக்கச் சொன்னார்.