கடற்பாசிச் சக்கை மீனுக்குத் தீவனமாகுமா?

‘பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கிறேன். கடலைப் புண்ணாக்கு விலை கட்டுப்படியாகவில்லை. மதுரைப் பக்கம் அகர் ஆலைகளில் கடற்பாசிக் கழிவு மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். புண்ணாக்குக்குப் பதிலாக அதைப் போடலாமா?’ என்று கேட்டிருக்கிறார் காமயகவுண்டன்பட்டி வாசகர் ஒருவர்.

புண்ணாக்குக்குப் பதிலாகப் போடக் கூடாது. சோதித்துப் பார்த்த பிறகு, தவிட்டில் ஒரு சிறு பங்கைக் குறைத்துக்கொண்டு சேர்க்கலாம்.

ராமநாதபுரம் கடலோரத்தில் எடுக்கப்படும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி ஆகியவற்றை வேகவைத்து வடித்துத்தான் அகர் எடுக்கிறார்கள். மிஞ்சும் சக்கையில் பெரும்பகுதி நாரும் சாம்பலும்தான், புரதம் கொஞ்சமே. பச்சைப் பாசிக்குச் சொல்லப்படும் பெருமையெல்லாம் சக்கைக்குப் பொருந்தாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். தவிட்டில் 12, கடலைப் புண்ணாக்கில் 42, சக்கையில் 8 சதவிகிதம் புரதம் என்று வைத்துக்கொள்வோம். வழக்கம்போல 50 கிலோ தவிடும் 50 கிலோ புண்ணாக்கும் கலந்தால் 100 கிலோவில் 27 கிலோ புரதம் இருக்கும். புண்ணாக்கில் 25 கிலோவைக் குறைத்துச் சக்கை சேர்த்தால் அது 18.5 கிலோவாக இறங்கிவிடும்; மீன் எடை போடாது. தவிட்டில் 10 கிலோவை மட்டும் குறைத்துச் சக்கை சேர்த்தால் 26.6 கிலோ நிற்கும். ஆனால், தவிடு புண்ணாக்கைவிட விலை குறைவு என்பதால் மிச்சமும் சிறிதாகத்தான் இருக்கும். ஈரச் சக்கையின் எடையில் பெரும்பகுதி தண்ணீர். நூறு கிலோமீட்டருக்கு மேல் வண்டி வாடகை கொடுத்துத் தண்ணீரை ஏற்றிவருவது லாபமில்லை. காய்ந்த சக்கை கிடைத்தால் மட்டுமே யோசிக்கலாம்.

வாங்குமுன் ஆலையில் இரண்டு விஷயங்களைக் கேட்க வேண்டும். ஒன்று, பாசியைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்தார்களா? அப்படியானால் பல முறை அலச வேண்டும். அலசிய தண்ணீரில் பி.ஹெச். தாள் நனைத்தால் 6.5 முதல் 8.5-க்குள் காட்ட வேண்டும். அலசினால் உப்பும் குறையும். இரண்டு, வடிகட்டும்போது வடிகட்டித் தூள் சேர்த்தார்களா? சேர்த்திருந்தால் அந்தச் சக்கை தீவனத்துக்கு ஆகாது.

பிறகு ஒரு மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்தில் உள்ள தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்துக்குக் கொடுத்து புரதம், நார், சாம்பல், மணல் அளவுகளைப் பார்ப்பது நல்லது. மேலே போட்ட கணக்கை அந்த எண்களை வைத்துத் திரும்பப் போட வேண்டும்.

அடுத்து, குட்டை முழுவதும் போட்டுவிடாமல் ஒரே அளவுள்ள இரண்டு வலைக்கூண்டுகள் கட்டி, இரண்டிலும் ஒரே எண்ணிக்கையில், ஒரே அளவுள்ள குஞ்சுகளை விடலாம். ஒன்றுக்குப் பழைய தீவனம், மற்றதற்கு 100 கிலோவில் 10 கிலோ சக்கை சேர்த்த தீவனம். முப்பது நாள் கழித்து எடை போட்டால் மீனே பதில் சொல்லிவிடும்.

சக்கையைப் பொடித்து, மற்ற தீவனத்தோடு பிசைந்து, துளையிட்ட சாக்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். தின்னாமல் அடியில் தங்கும் சக்கை அழுகி, தண்ணீரில் உள்ள ஆக்ஸிஜனை இழுத்துவிடும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் அன்றைக்குத் தீவனத்தை நிறுத்திப் புதுத் தண்ணீர் விட வேண்டும்.

புண்ணாக்குச் செலவைக் குறைக்க வேறு வழியும் உண்டு. சாக்கில் மிஞ்சுவதைத் தினமும் பார்த்துத் தீவன அளவைத் திருத்தினாலே வீணாவது நிற்கும்.