தகரம்னா தகதகன்னுதான் இருக்கணுமா?

பி.ஆர்க். படிக்கிற மக்களே, ஆர்வத்துல ஸ்கெட்ச்அப்பும் பிளெண்டரும் ஏத்தி வெச்சிருக்கிற இன்ஜினீயரிங் சிங்கங்களே... இந்த வாரம் உங்க தலைக்கு மேல கை வைக்கப் போறோம். பயப்படாதீங்க, கூரையைச் சொன்னேன்!

உங்க 3டி படத்துல சுவர் சூப்பரா இருக்கும். கண்ணாடியில வானம் தெரியும். வாசல்ல ஒரு கார், ரெண்டு மரம். மேல நிமிர்ந்தா, சாம்பல் கலர்ல ஒரு பலகை. அது மேல கோடு போட்ட ஒரு படத்தை ஒட்டியிருப்பீங்க. ஜூரியில உட்கார்ந்திருக்கிற மேடம் கண்ணாடியை இறக்கிவிட்டு, "இது என்னப்பா, அட்டையா?"ன்னு கேட்டா, ராத்திரி பூரா முழிச்சதெல்லாம் அவுட்!

என்ன பண்ணலாம்? முதல்ல மவுஸை வெச்சிட்டு, காலேஜ் பைக் ஸ்டாண்டுக்கு ஒரு நடை போங்க. மேல இருக்கிற நெளித் தகரத்தைப் பாருங்க. 1829-ல லண்டன் இன்ஜினீயர் ஹென்றி பாமர் பேட்டன்ட் வாங்கின ஐடியா அது. ஒரு பேப்பரை நீட்டிப் பிடிச்சா தொங்கும். விசிறி மாதிரி மடிச்சுப் பிடிச்சா விறைப்பா நிக்கும். அதே கதைதான். அரை மில்லிமீட்டர் தகரம் கூரையா நிக்கிறதே அந்த நெளிவாலதான். அழகுக்காக வந்த டிசைன் இல்லை பாஸ்!

அதனால நெளிவை ஏமாத்தாதீங்க. பம்ப் மேப் போட்டா நடுவுல நெளிவு தெரியும். ஆனா, கூரையோட கீழ் ஓரம் ஸ்கேல் வெச்ச மாதிரி நேரா இருக்கும். அங்கேதான் குட்டு உடையும். ஒரே ஒரு அலையை வரைங்க. வழக்கமான நெளித் தகரத்துல ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் 76 மி.மீ. இடைவெளி. அதை நீட்டி, பிளெண்டர்னா அர்ரே, ஸ்கெட்ச்அப்னா காம்பொனன்ட் போட்டு வரிசையா அடுக்குங்க. தூரத்துல தெரியுற கட்டடத்துக்கு மட்டும் படம் ஒட்டுறது போதும். கம்ப்யூட்டரும் பாவம் இல்லையா?

அடுத்தது, கூரை ஒரே ஷீட் இல்லை. ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கும். மேல் ஷீட் கீழ் ஷீட்டை மூடணும். மாத்திப் போட்டா தண்ணி உள்ளே வரும். நம்ம ஊர்ல போல்ட்டை அலையோட மேட்டுல அடிக்கிறதும் அதுக்குத்தான், பள்ளத்துலதான் தண்ணி ஓடும். அந்த போல்ட் எல்லாம் அடியில இருக்கிற பர்லின் கம்பி மேலேயே வரிசையா வரணும். இஷ்டத்துக்குத் தூவினா, சைட்ல வேலை பார்த்தவர் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவார்.

கொஞ்சம் பணக்காரக் கூரையா? அதுதான் 'ஸ்டாண்டிங் ஸீம்'. தட்டையான பட்டைகள், நடுநடுவே 25 முதல் 50 மி.மீ. உயரத்துல நிமிர்ந்த மடிப்பு. போல்ட்டே வெளியே தெரியாது. அடியில கிளிப் பிடிச்சிருக்கும். ஏன் இந்த ஒளிஞ்சு விளையாட்டு? 10 மீட்டர் அலுமினிய ஷீட், 40 டிகிரி சூடு ஏறினா சுமார் 9 மி.மீ. நீளும். அது நகர இடம் வேணுமே! அந்தத் தட்டைப் பகுதியும் கண்ணாடி மாதிரி சமமா இருக்காது. லேசா அலையடிக்கும். அதுக்கு 'ஆயில் கேனிங்'னு பேரே இருக்கு. நார்மல் மேப்ல துளியூண்டு அலை கொடுத்துப் பாருங்க, அதுல விழுற வானம் வளையும். அந்த நிமிஷம் உங்க கூரைக்கு உயிர் வந்துடும்.

இப்போ தலைப்புக்கு வருவோம். மெட்டீரியல்ல 'மெட்டாலிக்'னு ஒரு ஸ்லைடர் இருக்கே, தகரம்னாலே அதை 1-க்குத் தள்ளிடுறோம். பெயின்ட் அடிச்ச நீல ஷீட்டுக்கு அது 0-வா இருக்கணும். ஏன்னா, கண்ணுல படறது பெயின்ட், உலோகம் இல்லை! துத்தநாகம் பூசின வெறும் தகரத்துக்குத்தான் 1. துரு வைக்கணுமா? வெட்டின ஓரம், போல்ட் ஓட்டை, இங்கேதான் ஆரம்பிக்கும். தண்ணி வழியுற பக்கமா கீழே இறங்கும்.

கடைசியா முகட்டு மூடி, சுவரும் கூரையும் சேர்ற இடத்துல வர்ற மடிப்புத் தகடு, மழைத்தண்ணியை வாங்குற தகர வாய்க்கால். இதையெல்லாம் விட்டுட்டா படம் 'க்ளீனா' இருக்கும்தான். ஆனா, நாளைக்கு அந்தப் படத்தைப் பார்த்துதான் ஒருத்தர் பேங்க்ல லோன் போட்டு வீடு கட்டப் போறார். நீங்க படத்துல மறைச்ச வாய்க்காலுக்குச் செலவு அவர் தலையில விழும். அதையும் மிச்சம் பிடிச்சா, மழையே நேரா தலையில விழும்! ரெண்டு வருஷம் கழிச்சு அந்த வீட்டு ஹால்ல பக்கெட் வெச்சுத் தண்ணி பிடிக்கிறப்போ, உங்க ரெண்டர்ல இருந்த சூரிய வெளிச்சத்தை யார் பாராட்டப் போறாங்க?

அதனால, அடுத்த மழைக்கு கேன்டீனுக்குள்ள ஓடாதீங்க. ஷெட்டுக்குக் கீழே நின்னு, ஒரு சொட்டுத் தண்ணி முகட்டுல இருந்து தரை வரைக்கும் எந்த வழியா வருதுன்னு பாருங்க. அந்த வழியை மாடல் பண்ணத் தெரிஞ்சுட்டா, ஜூரி என்ன கேட்டாலும் பதில் உங்ககிட்ட இருக்கும். டீ அப்புறமா குடிச்சுக்கலாம் பாஸ்!