நூலகர் என்றால் இளப்பமா?

நூலகத்தில் வேலை என்றால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். மருத்துவம், சட்டம், பொறியியல் என்று பெற்றோர் அடுக்கும் பட்டியலில் நூலகருக்கு இடமில்லை. புத்தகத்தில் முத்திரை குத்தித் தருபவர் என்பதே நம் எண்ணம்.

சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதனும் முதலில் அந்த வேலையை விரும்பவில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். சில நாட்களிலேயே அலுத்துப் போய், மீண்டும் கற்பிக்கவே போகிறேன் என்றார். இலண்டனில் பயின்று வந்த பிறகும் பிடிக்காவிட்டால் திரும்பலாம் என்று அவரைச் சமாதானப்படுத்தினர். அங்கே பல நூலகங்களைப் பார்த்தவர், புது மனிதராகத் திரும்பினார். சுமார் 20 ஆண்டுகள் அப்பணியில் இருந்தார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931-இலும், கோலன் பகுப்பு முறையை 1933-இலும் நூலாக்கினார். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு.

எந்த நூலுக்கும் உரிய வாசகர் எங்கோ இருக்கிறார். இருவரையும் சேர்த்து வைப்பது நூலகரின் கடமை. இதுவே அவரது மூன்றாம் விதியின் சாரம்.

இந்த மண்ணின் தமிழ் நூல்களுக்கு அக்கடமையைச் செய்தவர் இராம சுப்பையா. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அவர் பட்டியலிட்டார். அதை 'தமிழ் மலேசியானா' என்ற பெயரில் மலாயாப் பல்கலைக்கழக நூலகம் 1969-இல் வெளியிட்டது. நம் பாட்டன்மார் என்னென்ன அச்சிட்டார்கள் என்று தேடுவோருக்கு அது வழிகாட்டி.

இன்று எல்லாம் கணினியில் கிடைக்குமே என்பார்கள். யாராவது பதிவு செய்தால்தானே கிடைக்கும்? தமிழ் படிக்கத் தெரியாத ஒருவரிடம் பழைய தமிழ் நூல் ஒன்று போனால், தலைப்பு எது, ஆசிரியர் யார் என்றே அவருக்குத் தெரியாது. அது பெட்டியிலேயே கிடக்கும்.

வெகுதூரம் போவானேன்? நம் ஆண்டு மலரின் முதல் இதழ் முதல் இன்றுவரை எல்லாம் எங்கே இருக்கின்றன என்று நம்மால் உடனே சொல்ல முடியுமா?

எழுதுவோருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம், நல்லது. எழுதியதைக் காப்போரும் வேண்டும். நம் பட்டதாரிகளில் ஓரிருவராவது நூலகவியல் பயில முன்வரட்டும். அதுவரை, பழைய மலர்களை வைத்திருக்கும் முன்னாள் மாணவர்கள் ஒரு படியைப் பல்கலைக்கழக நூலகத்தில் சேர்க்கட்டும்.