கூரையில் விளையும் மின்சாரம்

நெல்லையும் மிளகாயையும் ஒடியலையும் முற்றத்து வெயிலில் உலர்த்தி, ஆண்டு முழுவதற்கும் சேர்த்துவைத்து வாழ்ந்தவர்கள் நம் முன்னோர். வெயில் எறிக்கும் வேளை எது, மப்பு மூடும் வேளை எது என்று பார்த்தே வீட்டு வேலைகளை அவர்கள் வகுத்துக்கொண்டார்கள். மின்சாரம் வந்தபின் அந்தப் பழக்கம் நம்மைவிட்டு நழுவிற்று. ஆளியைத் தட்டினால் எந்நேரமும் வெளிச்சம் வரும்பொழுது சூரியனை யார் அண்ணாந்து பார்க்கப்போகிறார்கள்? இன்றோ வீட்டுக் கூரைகளின்மேல் கருநீலத் தகடுகள் பளபளக்கின்றன. சூரியன் மறுபடியும் நம் குடும்பக் கணக்கிற்குள் வந்துவிட்டான்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தார் 1954 ஆம் ஆண்டில் சிலிக்கன் சூரியக் கலத்தைக் காட்டியபோது, விழுந்த ஒளியில் நூற்றுக்கு 6 பங்கையே அது மின்னாக மாற்றியது. இன்று விற்பனையாகும் தகடுகள் பல, நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் மாற்றுகின்றன. இலங்கையில் 2016 செப்டெம்பரில் அரசாங்கம் கூரைச் சூரியமின் திட்டமொன்றை ஆரம்பித்தபின், மிஞ்சும் மின்சாரத்தைப் பொது மின்வலைக்குக் கொடுத்துப் பணமாகவோ கணக்கில் வரவாகவோ பெறும் வழி பலருக்கும் தெரியவந்தது. ஒரு கிலோவாற்றுத் தகடு, நல்ல வெயில் நாளிலே ஏறக்குறைய 4 அலகு மின்சாரம் தரும். ஆகவே, 5 கிலோவாற்று அமைப்புள்ள வீட்டிலே நாளொன்றுக்கு 20 அலகு வரையில் விளையும்.

“இனி ஊர் இருண்டாலும் நம் வீடு இருளாது” என்று இதனால் எண்ணிக்கொள்வோர் பலர். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்டபோது, பற்றரி இல்லாத சூரிய வீடுகளும் அயல் வீடுகளைப்போலவே இருண்டன. உச்சி வெயிலிலும் அங்கே விசிறி சுழலவில்லை. இதற்குக் காரணம் பழுதன்று, பாதுகாப்பு. தகடு தரும் நேரோட்டத்தை ஆடலோட்டமாக மாற்றும் இன்வேட்டர், வெளிக்கம்பியில் மின் அற்றவுடன் தானும் நின்றுவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. அது நில்லாது ஓடுமாயின், மின் இல்லையென்று நம்பிக் கம்பத்திலேறித் திருத்தவேலை செய்யும் தொழிலாளியின்மீது நம் வீட்டு மின்சாரமே பாய்ந்துவிடும். நம் வீட்டு விளக்கிலும் அவருடைய உயிர் பெரிதல்லவா?

மற்றொரு சம்பவத்தையும் இங்கே நினைவுகூரலாம். சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, 2025 ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாள்தோறும் பிற்பகல் 3 மணிவரை கூரை அமைப்புகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. விளைந்த மின்சாரத்தை வேண்டாம் என்பதா என்று பலர் வியந்தனர். அலுவலகங்களும் ஆலைகளும் மூடியிருக்கும் விடுமுறையிலே மின்சாரத்தைச் செலவிடுவோர் குறைவு. வெயிலோ குறைவின்றி எறிக்கும். ஆக்கமும் செலவும் ஒவ்வொரு கணமும் ஒத்திராவிட்டால் மின்வலை தளம்பிவிடும். மாலை 6.30 மணி முதல் இரவு 10.30 வரை நாடு முழுவதும் மின்சாரத்தை மிகுதியாகச் செலவிடுகிறது. அவ்வேளையிலோ தகடுகள் உறங்குகின்றன. நீர்த்தேக்கங்களும் நிலக்கரியும் எண்ணெயுமே அத்தேவையை ஈடுசெய்கின்றன.

கணக்குப் புத்தகத்திலே நண்பகல் அலகும் இரவு அலகும் ஒன்றாயிருக்கலாம். கம்பியிலே அவை ஒன்றல்ல. இதுவே சூரிய வீட்டார் முதலில் அறியவேண்டிய பாடம். எத்தனை அலகு விளைந்தது என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வேளையில் செலவிட்டோம் என்றும் கேட்டல் வேண்டும். கிணற்று நீரை இறைத்துத் தொட்டியை நிரப்புதல், துணி வெளுத்தல், அழுத்துதல், மாவரைத்தல் ஆகியவற்றைக் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் முடிப்பது எத்தனையோ வீடுகளில் இயலக்கூடியதே.

பற்றரி வைத்திருப்போருக்கும் கணக்கு வேண்டும். 5 அலகு கொள்ளும் பற்றரி, இரவு முழுவதும் குளிர்சாதனப் பெட்டிக்கும் இரண்டு விசிறிகளுக்கும் சில விளக்குகளுக்கும் போதும். ஆயிரம் வாற்று மின்னழுத்தி ஒன்றை ஒரு மணிநேரம் சூடேற்றி வைத்தாலோ, அதில் ஏறக்குறைய ஓர் அலகு போய்விடும்.

வெப்பம் மிகுந்தால் மின்சாரமும் மிகும் என்பது மற்றொரு மயக்கம். தகட்டுக்கு வேண்டியது ஒளியே. அதன் வலு 25 பாகை செல்சியசில் அளக்கப்படுவது. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் நூற்றுக்கு மூன்றிலொரு பங்கு அளவில் வலு குறையும். ஆதலால் தகட்டுக்கும் கூரைக்கும் இடையே காற்றோட விடுதல் அவசியம். ஒரு தென்னோலையின் நிழல்கூட, தொடுத்த தகடுகள் பலவற்றின் மின்னோட்டத்தைக் குறைக்கக்கூடும். காக்கை எச்சமும் அவ்வாறே. அதனைக் கழுவுதல் அதிகாலையில் நன்று. கொதிக்கும் கண்ணாடியிலே குளிர்நீரை வார்த்தால் வெடிப்பு உண்டாகலாம். வடக்கிலும் கிழக்கிலும் மாரி மழை பொழியும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் விளைச்சல் குறைவதைக் கண்டு கலங்கவேண்டியதில்லை.

வீட்டிலுள்ள மாணாக்கர் நாள்தோறும் மாலையில் இன்வேட்டர் காட்டும் அலகுகளைக் கொப்பியில் குறித்து, மாத முடிவிலே வரைபாக வரைந்து பார்ப்பார்களாயின், பௌதிகமும் புவியியலும் சிக்கனமும் ஒன்றாகவே விளங்கும். தகடு வாங்க வசதியற்ற குடும்பங்களும் நம் அயலிலே உண்டு. முன்னிரவிலே நாம் மிச்சப்படுத்தும் ஒவ்வோர் அலகும், அவர்களுக்கும் சேர்த்து எரிக்கப்படும் எண்ணெயைக் குறைக்கும் என்பதைச் சூரிய வீட்டார் மறத்தலாகாது.