பிள்ளை மடுவமும் சுவரிலுள்ள அட்டவணையும்

தேயிலைத் தோட்டத்தில் மடுவம் என்றால் கொட்டகை. கொழுந்து நிறுக்கும் இடம் கொழுந்து மடுவம். மாடு கட்டும் இடம் மாட்டு மடுவம். தாய் மலைக்குப் போகும்போது குழந்தையை விட்டுச் செல்லும் இடம் பிள்ளை மடுவம். சில தோட்டங்களில் அதனைப் பிள்ளைக் காம்பரா என்றும் வழங்குவர். இச்சொற்களின் பிறப்பை மொழியியல் மாணவர் ஆராயட்டும். எனக்கு இங்கு வேண்டியது ஒன்றே. கொழுந்தையும் மாட்டையும் பிள்ளையையும் ஒரே சொல்லால் குறித்த நம் முன்னோர் சொல்வறுமையால் அவ்வாறு செய்யவில்லை. தோட்டம் எதனை எதற்காக ஒரு கூரையின் கீழ் வைக்கிறது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். கொழுந்து ஆலைக்குப் போகும்வரை மடுவத்தில் இருந்தது. தாயின் இரண்டு கைகளும் தோட்டத்திற்குத் தேவைப்பட்ட நேரம்வரை பிள்ளை மடுவத்தில் இருந்தது.

இன்று அந்தக் கட்டடத்தின் முகப்பில் ‘சிறுவர் அபிவிருத்தி நிலையம்’ என்னும் பலகை தொங்குகிறது. சுவர்களில் யானையும் முயலும் வரையப்பட்டுள்ளன. முற்றத்தில் சறுக்குப் பலகை இருக்கிறது. உள்ளே, கதவுக்கு எதிரே, வாராந்தச் செயற்பாட்டு அட்டவணை ஒட்டப்பட்டிருக்கிறது. பெயர் மாறிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன். எவருடைய கணக்கில் அந்தக் கட்டடம் நடக்கிறதோ அந்தக் கணக்கு மாறவில்லை. அது மாறாதவரை சுவரிலுள்ள அட்டவணை வெறுங் காகிதமே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம்.

மாற்றமே நிகழவில்லை என்று கூறுவது நன்றிகெட்ட பேச்சாகும். கொழுந்தெடுக்க ஏலாத முதியவள் ஒருத்தி ஆயாவாக அமர்த்தப்பட்டு, வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக ஆட்டிக்கொண்டிருந்த காலம் நம் பாட்டிமாரின் நினைவில் இன்னும் உண்டு. 1992இல் தோட்டங்களின் முகாமை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்ட பின்னர், அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் பங்குகொள்ளும் நிதியம் ஒன்று அமைந்தது. இன்று பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் என அறியப்படுவது அதுவே. ஆயாவின் இடத்திற்குப் பயிற்சி பெற்ற சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் வந்தனர். 2015இல் உலக வங்கி முன்பிள்ளைப் பருவ அபிவிருத்திக்கென இலங்கைக்கு அளித்த 5 கோடி டொலர் கடனில் தோட்டத்துச் சிறுவர் நிலையங்களுக்கும் ஒரு பங்கு இருந்தது. தொட்டில் ஆட்டுவதோடு நின்ற இடத்தில் இன்று பாட்டும் கதையும் களிமண் உருவங்களும் உள்ளன. நானும் அத்தகைய ஒரு மடுவத்தில் வளர்ந்தவன். அங்கிருந்த அம்மாவை இன்றும் மறவேன்.

ஆனால் அட்டவணையைச் சற்று நெருங்கி வாசிப்போம். கடந்த விடுமுறையில் நுவரெலியா மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நான் கண்ட அட்டவணையில் அவ்வாரத்தின் தொனிப்பொருள் கடல். திங்கள் மீன் வரைதல். செவ்வாய் படகு மடித்தல். நாள்தோறும் காலை 10 மணிக்குக் கதை சொல்லல். கடலைக் காணாத மலைப்பிள்ளைக்குக் கடல் எதற்கு என்று கேட்பவர் கட்சியில் நான் சேரேன். மலையகத்துப் பிள்ளைக்குத் தேயிலையைத் தவிர வேறெதுவும் தெரியவேண்டியதில்லை என்பது துரைமாரின் பழைய கொள்கை. எனது கேள்வி கடலைப் பற்றியதன்று, 10 மணியைப் பற்றியது. காலைக் கொழுந்து நிறுக்கப்படுவது ஏறத்தாழ அந்த வேளையில்தான். நிறுத்துவிட்டுப் பாலூட்டும் தாய்மார் மடுவத்திற்கு ஓடி வருகின்றனர். கூடையின் ஈரம் முதுகில் வழிய, படங்குச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்க்கவும் நேரமின்றிப் பிள்ளையை எடுக்கின்றனர். உத்தியோகத்தர் ஒருவர், உதவிக்கு ஒருவர். பச்சிளங் குழந்தை முதல் ஐந்து வயதுவரை எல்லாரும் ஒரே மண்டபத்தில். ஒரு குழந்தையைத் தாயிடம் கொடுத்து, இன்னொன்றைத் துடைத்து, அழுவதைத் தோளிற் சாத்திக்கொண்டு, திமிங்கிலத்தின் கதையை எவரால் சொல்ல முடியும்? அன்று அங்கு கதை சொல்லப்படவில்லை. அதற்காக அந்தப் பெண்ணைக் குறைகூற எனக்கு நாவெழாது.

பச்சிளங் குழந்தை அங்கு எப்படி வந்தது? சட்டப்படி மகப்பேற்று விடுமுறை 84 நாள். அதில் ஒரு பகுதி பேற்றுக்கு முன்னரே கழியலாம். ஆகவே மூன்று மாதமேனும் நிரம்பாத சிசு மடுவத்துக்கு வருகிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தொழிலாளிக்கு ஒன்பது மணி நேரத்தில் இரண்டு பாலூட்டும் இடைவேளைகளை உரித்தாக்குகிறது. பணியிடத்தில் குழந்தைக் காப்பகம் இருந்தால் இடைவேளை அரைமணி. இல்லாவிடின் ஒரு மணி. இந்தக் கணக்கை ஊன்றி நோக்குக. காப்பகம் இருப்பதனால் தாயின் உழைப்பு நேரத்தில் நாளொன்றுக்கு ஒரு மணி முதலாளிக்கு மிஞ்சுகிறது. சட்டத்தின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் பிள்ளை மடுவம் கல்வியின் ஏட்டில் அன்று, உழைப்பின் ஏட்டில் எழுதப்பட்ட ஒன்று என்பதற்கு இதனினும் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

கற்றல் வாரம் என்பது ஒரு தொடர்ச்சி. திங்களன்று தொடங்கிய மீன் வெள்ளியன்று நீந்தவேண்டும். தோட்டத்திலோ வாரத்தைத் தீர்மானிப்பது பிரட்டுக்களம். கொழுந்து மிகுந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமையும் கைக்காசுக்குக் கொழுந்து எடுப்பார்கள். அன்று மடுவம் பூட்டியிருந்தால் லயத்தில் அக்காள் தம்பியைப் பார்த்துக்கொள்வாள். கொழுந்து குறைந்து வாரத்தில் நான்கு நாள் வேலை என்றால், தாய் வீட்டில் இருக்கும் நாட்களில் பிள்ளையும் வீட்டில் இருக்கும். மழை பெய்து பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் தாய் பேரை இழந்து வீட்டில் நிற்பாள். அன்றி நேரங்கழித்துப் போய் நிறை குறைந்து அரைப்பேரோடு திரும்புவாள். (எண்கள் அறியுமுன் பேரும் அரைப்பேரும் அறிந்த பிள்ளைகள் நாம்.) இங்ஙனம் பிள்ளையின் வரவு தாயின் வரவுப் பதிவோடு ஏறியும் இறங்கியும் செல்கிறது. ஐந்து நாட்களுக்கென நகரத்தில் வகுக்கப்பட்ட செயற்பாடு இத்தகைய வாரத்தின் எந்த நாளிற் பொருந்தும்? பாடசாலைப் பிள்ளை தாய் வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் பாடசாலைக்குப் போகிறது. பாடசாலை பிள்ளைக்கு உரியது என்பதே காரணம்.

உடல்நலத்தையும் இதனோடு சேர்த்தே நோக்குதல் வேண்டும். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார மதிப்பாய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடு முழுவதிலும் ஏறத்தாழ 17 சதவீதம்; தோட்டப் பகுதியில் ஏறத்தாழ 32 சதவீதம். கருவுற்ற நாள் தொடக்கம் இரண்டு வயதுவரையான ஆயிரம் நாட்களில் தேங்கிய வளர்ச்சியைப் பின்னர் மீட்பது மிகக் கடினம் என மருத்துவர் கூறுவர். அந்த ஆயிரம் நாட்களில் பெரும் பகுதியைத் தோட்டத்துப் பிள்ளை கழிக்குமிடம் கருப்பையும் அதற்கடுத்துத் தொட்டில் அறையும். தாய் நிறைமாதம் நெருங்கும்வரை மலையேறுகிறாள். தொட்டில் அறைக்கோ அட்டவணையே கிடையாது. யானையும் முயலும் வரையப்பட்ட சுவர் நான்கு வயதுப் பிள்ளைகளின் பக்கத்தில்தான் இருக்கிறது. வருகைதரும் கனவான்கள் படம் எடுப்பதும் அங்கேதான். திரிபோஷ 1973 முதல் இந்நாட்டில் வழங்கப்பட்டு வருகிறது. அதனை வாங்கித் தாயும் பிள்ளையும் பகிர்ந்துண்பதோடு நில்லாது முழுக் குடும்பமுமே உண்ணும் வீடுகளை நாம் அறிவோம். பசி வீட்டில் இருக்கையில் பொதியின் மேல் எவருடைய பெயரை எழுதி என்ன பயன்?

இது மலையகத்திற்கு மட்டும் உரிய கதையன்று. தொழிலாளர் பிள்ளைகளுக்கான பாலர் கல்வி உலகின் பல பாகங்களிலும் முதலாளியின் வாசலிலேயே தொடங்கிற்று. ஸ்கொத்லாந்தின் நியூ லனார்க் பஞ்சாலையில் றொபேட் ஓவன் 1816இல் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தார். அவர் சிறந்த மனிதர். சிறந்த மனிதர் கையில் ஆலை இருந்தமையால் ஆலைப்பிள்ளைகள் ஆடினர், பாடினர். மரியா மொன்ரிசூரி 1907இல் ரோமாபுரியின் சான் லொரென்சோவில் தமது முதற் குழந்தைகள் இல்லத்தைத் திறந்ததும் தொழிலாளர் குடியிருப்பிலேதான். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் பிள்ளைகள் புதுக்கட்டடத்தின் சுவர்களைப் பாழாக்காதிருக்க வேண்டும் என்பது அக்கட்டடத்தாரின் கவலை. சுவரைக் காக்க அழைக்கப்பட்டவர் பிள்ளையைக் கண்டறிந்தார். அவர் 1944இல் இலங்கைக்கும் வந்து ஆசிரியருக்குப் பயிற்சியளித்தார். ஏழைத் தொழிலாளியின் பிள்ளைக்காகப் பிறந்த அம்முறையின் பெயர் இன்று நம் நகரங்களில் கட்டணம் செலுத்த வல்லார் பிள்ளைகளின் பள்ளிப் பலகைகளிலே காணப்படுகிறது. அயலிலுள்ள இந்தியாவில் 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் காப்பகத்தைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கிற்று. 1975இல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்வழி அங்கன்வாடிகள் பிறந்தன. நீலகிரியோ அசாமோ பொன்னுலகம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையும் அரசின் பொறுப்பு என்பது அங்கு கொள்கையளவிலேனும் எழுதப்பட்டுள்ளது.

நம் நாட்டில் கட்டாயக் கல்வி ஐந்து வயதில் தொடங்குகிறது. 2016 முதல் அது பதினாறு வயதுவரை நீள்கிறது. மேலே நீட்டியவர்கள் கீழே நீட்டவில்லை. முன்பள்ளிகள் மாகாண சபையின் பார்வையில் உள்ளன. தோட்டத்துச் சிறுவர் நிலையமோ ஒரு கால் முகாமையிலும் ஒரு கால் நிதியத்திலுமாக நிற்கிறது. இவ்வாறு நின்ற ஒன்றை நாம் முன்னரும் கண்டுள்ளோம். 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்குப் புறத்தே நின்றது. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முற்றுப்புள்ளி. 1970களில் தொடங்கிப் படிப்படியாக அரசு அவற்றைப் பொறுப்பேற்றது. பொறுப்பேற்ற மறுநாளே பொற்காலம் பிறந்துவிடவில்லை. பல பாடசாலைகள் அதே தகரக் கூரையின் கீழ் ஆண்டுக்கணக்காக இயங்கின. ஆயினும் அந்நாள் முதல் ஆசிரியரின் நியமனம் துரையின் கையை விட்டு நீங்கிற்று. இந்த மலரில் மலையகத்திலிருந்து எழுதுவோரும், விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போரும் அந்த நீக்கத்தின் பயனே. தோட்டமே பாடசாலையை நடத்தட்டும் என்று விட்டிருந்தால் நாம் எங்கிருப்போம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அரசு தன் பாடசாலைகளையே நடத்தத் தெரியாமல் தவிக்கிறது, மடுவத்தையும் அதன் தலையிற் கட்டுவதா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. ஆனால் அரசு தவறினால் கேட்பதற்கு நமக்கு வாக்கு உண்டு. 1948இல் பறிக்கப்பட்ட குடியுரிமையைப் பல பத்தாண்டு போராடி மீட்டது எதற்காக? கம்பனி தவறினால் நாம் கேட்கக்கூடியது கூட்டு ஒப்பந்தத்தின் ஓரத்தில் ஒரு வரியே. வேறு சிலர், கம்பனிகளின் செலவை அரசு ஏற்பதனால் அவற்றுக்கே இலாபம் என்கின்றனர். செலவிலிருந்து அவற்றை விடுவிக்குமாறு நான் கோரவில்லை. கட்டுப்பாட்டிலிருந்து விலக்குமாறு கோருகிறேன்.

இதனை இப்பொழுதே எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. நாட்கூலி முறையைக் கைவிட்டுத் தொழிலாளருக்குத் தேயிலைச் செடிகளைப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தின் நிறைக்கேற்பப் பணம் கொடுக்கும் வருமானப் பங்கீட்டு முறையைக் கம்பனிகள் சில காலமாக முன்வைத்து வருகின்றன. அதன் நன்மை தீமைகளைப் பொருளியல் மாணவர் வாதிக்கட்டும். பிள்ளையின் பக்கம் நின்று நோக்கினால் ஒன்று தெரிகிறது. தாய் தொழிலாளி அல்லள், சிறு உற்பத்தியாளர் என்றானதும் பிரட்டு இல்லை. பிரட்டு இல்லையெனில் முதலாளி இல்லை. முதலாளி இல்லையெனில் மடுவம் எவருடைய கடமை? உழைப்பின் ஏட்டில் மட்டுமே எழுதப்பட்ட மடுவம், அந்த ஏடு மூடப்படும் நாளில் தானும் மூடப்படும். யானையும் முயலும் பூட்டிய கதவுக்குப் பின்னே இருக்கும்.

ஆகவே மூன்று வயதுக்கு மேற்பட்டோரின் பகுதி மாகாணக் கல்வித் திணைக்களத்தின் முன்பள்ளியாதல் வேண்டும். அதன் ஆசிரியை திணைக்களத்தின் நியமனமும் ஊதியமும் பெறுதல் வேண்டும். பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இருக்கையில் அவர்களைப் பயிற்றுவிக்க இடமில்லை என்று எவரும் சொல்ல இயலாது. தொட்டிற் பகுதி சுகாதாரத் துறையின் நேர்ப் பொறுப்பில், தனி ஆளணியோடு இயங்குதல் வேண்டும். தாய்க்கு அன்று வேலை உண்டா இல்லையா என்பது வாசலிற் கேட்கப்படலாகாது. பணத்திற்கு எங்கே போவது என்பார்கள். 2010 முதல் ஏற்றுமதியாகும் ஒவ்வொரு கிலோ தேயிலைக்கும் 3 ரூபா 50 சதம், உலகச் சந்தையில் சிலோன் தேயிலையை விளம்பரஞ் செய்வதற்கென ஓர் அறவீடு விதிக்கப்பட்டது. அவ்விளம்பரங்களில் கூடையோடு சிரித்து நிற்கும் பெண்ணை எல்லாரும் கண்டிருப்பீர்கள். 2023இல் ஏற்றுமதியான தேயிலை ஏறத்தாழ 24 கோடி கிலோ. அவளுடைய படத்திற்குக் கிலோவுக்கு மூன்றரை ரூபா எடுக்க முடிந்த நாட்டில், அவளுடைய பிள்ளைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபா எடுத்தால் ஆண்டொன்றுக்கு 24 கோடி ரூபா.