லாரியின் சாவி யார் கையில்?



பள்ளித் தேர்வுகள் முடிந்து விடுமுறை தொடங்குகிற காலமே நம்முடைய நகரத்துச் சபைகளில் வீடு மாறுகிற காலமாகவும் இருக்கிறது. சிலர் தாராவியை விட்டுக் கல்யாண், அம்பர்நாத் பக்கம் போகிறார்கள். வேறு சிலர் முப்பது வருட மும்பை வாழ்க்கையை முடித்துக்கொண்டு, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களிலுள்ள சொந்த ஊர்களுக்கே திரும்புகிறார்கள். அவ்விதம் திரும்புவதற்கு ஆயத்தமாயிருந்த ஒரு சகோதரர் ஆராதனை முடிந்தபின் என்னை ஓரமாக அழைத்தார்.

"பாஸ்டர், எங்க ஊர் அண்ணாச்சி ஒருவர் சொந்தமாக லாரி வைத்திருக்கிறார். டிரைவர் லீவில் போய்விட்டாராம். 'டீசலைப் போட்டு, ஒரு வாடகையும் கொடுத்துவிட்டு நீயே ஓட்டிக்கொண்டு போ தம்பி' என்கிறார். நான் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகிறேன். சொந்தச் சாமான்தானே, வியாபாரமா செய்யப் போகிறேன்? ஓட்டலாம்தானே?"

ஜெபித்துச் சொல்லுகிறேன் என்று அனுப்பிவிடத்தக்க கேள்வி அல்ல இது. சட்டத்தைப் பார்த்துச் சொல்லவேண்டியது. நான் வழக்கறிஞன் அல்லன். ஆகையால் நம் சபையைச் சேர்ந்த வழக்கறிஞர் சகோதரர் ஒருவரோடு ஒரு மாலைப்பொழுது அமர்ந்து, 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தையும் 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகளையும் வாசித்தேன். இம்மாதப் பகுதி அதன் பலனே.

அந்தச் சகோதரர் தம்முடைய நம்பிக்கை முழுவதையும் 'சொந்தச் சாமான்' என்னும் ஒரே வார்த்தையின்மேல் வைத்திருந்தார். சட்டமோ அந்த வார்த்தையைக் கணக்கில் கொள்வதில்லை. சரக்கு ஏற்றுவதற்கென்றே கட்டப்பட்ட வண்டி, அதில் ஏறுவது கடைச் சரக்கானாலும் கட்டில் பீரோவானாலும், 'போக்குவரத்து வாகனம்' என்னும் வகுப்பைச் சேர்ந்ததே. மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்துள்ள நம்பர் பிளேட் அதன் அடையாளம். அப்படிப்பட்ட வண்டியை ஓட்டுகிறவருடைய லைசென்ஸ் அதற்கு இடங்கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் 3ஆம் பிரிவு சொல்லுகிறது. காரை எத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று அது கேட்கவில்லை.

இங்கே ஒரு சலுகை உண்டு. அதைப் பலர் பாதி மட்டும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். கார் ஓட்டும் லைசென்ஸ், அதாவது இலகுரக வாகன லைசென்ஸ் உடையவர், மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. அதன்மேல் எழுந்த கேள்விகளை விசாரித்த ஐந்து நீதிபதிகள் அடங்கிய அரசியல் சாசன அமர்வு, 2024 நவம்பர் 6ஆம் தேதி அதையே உறுதிப்படுத்தியது. ஆகவே நாம் 'சோட்டா ஹாத்தி' என்று அழைக்கிற டாடா ஏஸ் வண்டியையோ, டாடா 407 போன்ற சிறு லாரியையோ ஓட்டுவதற்குக் கார் லைசென்ஸே போதும். தனி பேட்ஜ் வேண்டியதில்லை.

நம் சகோதரரும் இந்தத் தீர்ப்பை அறிந்திருந்தார். "அண்ணாச்சி லாரி வெறும் வண்டியாக ஆறு டன்கூட வராது பாஸ்டர்" என்றார். ஆர்.சி.யின் நகலைக் கொண்டுவரச் சொன்னேன். வெறும் வண்டியின் எடை அவர் சொன்னபடியே இருந்தது. ஆனால் மொத்த எடை என்ற இடத்தில் 16,200 கிலோ என்றிருந்தது. காருக்கும் டிராக்டருக்கும் சட்டம் பார்ப்பது வெறும் எடையை; சரக்கு வண்டிக்குப் பார்ப்பது, லோடோடு சேர்த்துப் பதிவு செய்யப்பட்டிருக்கிற மொத்த எடையை. பதினாறு டன் லாரியில் ஒரேயொரு நாற்காலியை ஏற்றிச் சென்றாலும், காலியாகவே ஓட்டிச் சென்றாலும், அது பதினாறு டன் லாரிதான். சட்டத்தின் சொல்வழக்கில் 12,000 கிலோவைத் தாண்டிய எந்தச் சரக்கு வண்டியும் கனரக வண்டி.

கனரக லைசென்ஸ் ஒரு வாரத்தில் கிடைக்கிற காரியமும் அல்ல. இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். இலகுரக லைசென்ஸ் பெற்று ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் பழகுநர் லைசென்ஸுக்கே மனுச்செய்யலாம். மருத்துவரின் 1ஏ படிவமும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் 5ஆம் படிவமும் வேண்டும். பின்பு ஆர்.டி.ஓ. தேர்வு. கிடைத்த லைசென்ஸ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற பழைய விதி 2019இல் நீக்கப்பட்டுவிட்டது. படிப்பைப் பாதியில் விட்டு லாரிகளில் கிளீனராக ஓடிக்கொண்டிருக்கும் நம் வாலிபர்கள் பலர் இதை இன்னும் அறியாதிருக்கிறார்கள். பெற்றோர் அவர்களுக்குச் சொல்வார்களாக.

சரி, கனரக லைசென்ஸ் உடைய ஒருவர் டிரைவர் இல்லாமல் லாரியை மட்டும் வாடகைக்கு எடுக்கலாமா? காரையும் மோட்டார் சைக்கிளையும் அவ்விதம் எடுப்பதற்கு சட்டத்தின் 75ஆம் பிரிவின்கீழ் மத்திய அரசின் திட்டங்கள் உண்டு. கார்களுக்கு 1989இலும், மோட்டார் சைக்கிள்களுக்கு 1997இலும் அவை வந்தன. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு ஓடுகிற கார்கள் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவை. அந்தப் பிரிவு லாரியைக் குறிப்பிடவில்லை. வெளிநாட்டில் மகனோடு சிலகாலம் தங்கி வந்த பெரியவர்கள், 'அங்கே ஒரு கடைக்குப் போய்ச் சாவியை வாங்கி நாமே வீட்டைக் காலிசெய்யலாம்' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் தேசத்தில் லாரி வாடகை என்றால் டிரைவரோடு சேர்ந்ததே என்பது நடைமுறை. உரிமையாளர் தம் பொறுப்பில், தகுந்த லைசென்ஸ் உள்ளவரிடம் சாவியைக் கொடுப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. தகுதியில்லாதவரிடம் கொடுத்தாலோ, 5ஆம் பிரிவின்படி குற்றம் உரிமையாளரையும் சேரும். 2019 செப்டம்பர் முதல் நடைமுறையிலுள்ள திருத்தத்தின்படி, ஓட்டினவருக்கு மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும். கொடுத்த அண்ணாச்சிக்கும் அப்படியே. உதவி செய்ய வந்த மனிதரை நீதிமன்றத்தில் நிறுத்துவது என்ன நன்றி?

லைசென்ஸோடு காரியம் முடிவதில்லை. வண்டிக்கும் தன் காகிதங்கள் உண்டு. தகுதிச் சான்று ஒன்று, ஊரில் எஃப்.சி. என்பார்கள், மும்பையில் பாஸிங் என்பார்கள். எட்டு ஆண்டுகள் வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அடுத்தது பெர்மிட். மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சிறு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, மற்றவற்றுக்குத் தேவை. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற லாரி மகாராஷ்டிரம், கர்நாடகம், தமிழ்நாடு என்று மூன்று மாநிலங்களைக் கடக்கிறபடியால் பொதுவாக நேஷனல் பெர்மிட் உள்ள வண்டியே அமர்த்தப்படுகிறது. வண்டியின் முன்னும் பின்னும் அது எழுதப்பட்டிருக்கும். அந்தப் பெர்மிட்டிலும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தமிழ்நாட்டு நேஷனல் பெர்மிட் லாரி மும்பையில் லோடு ஏற்றித் தமிழ்நாட்டில் இறக்கலாம். மும்பையில் ஏற்றிப் புனேயில் இறக்கக் கூடாது. 'நம்ம ஊர் லாரி சும்மாதானே நிற்கிறது' என்று உள்ளூர் வீடு மாற்றத்துக்கு அதை அழைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பெர்மிட் இல்லாமலோ பெர்மிட்டுக்கு மாறாகவோ ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறையும் 10,000 ரூபாய் தண்டமும் உண்டு. இவற்றையெல்லாம் அண்ணாச்சியிடம் கேட்கக் கூச்சமாயிருந்தால், எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணை இட்டாலே எஃப்.சி., இன்சூரன்ஸ் எந்தத் தேதிவரை செல்லும் என்று தெரிந்துவிடும்.

இனி நான் சொல்லப்போவதை, லாரியே ஓட்டாத குடும்பங்களும் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன், எனக்குத் தெரிந்த ஒரு சபையார் கன்வென்ஷன் கூட்டத்துக்குப் பந்தல் சாமான்களையும் நாற்காலிகளையும் ஒரு லாரியில் அனுப்பினார்கள். பஸ் செலவை மிச்சப்படுத்த ஏழெட்டு வாலிபர்கள் அந்தச் சாமான்களின்மேல் ஏறிக்கொண்டார்கள். யாரும் தடுக்கவில்லை. அந்நாட்களில் நானும் தடுத்திருக்கமாட்டேன். இறக்கத்தில் லாரி சாய்ந்தது. ஒரு வாலிபனுடைய கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. இன்சூரன்ஸ் இருந்தது, பிரீமியமும் கட்டப்பட்டிருந்தது. ஆயினும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது, சரக்கு வண்டியில் ஏறின பயணிக்கு நாங்கள் பொறுப்பல்ல என்று இன்சூரன்ஸ் கம்பெனி கைவிரித்தது. அந்த ஒரு லாரியை விட்டால் வேறு சம்பாத்தியம் இல்லாத உரிமையாளரின் தலையில் தீர்ப்பு விழுந்தது. அவரால் முழுவதையும் கொடுக்க முடியவில்லை. அந்தத் தாயார் மகனைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த நாட்களில் அவர்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றவர்களில் நானும் ஒருவன்.

கம்பெனியைக் குறைசொல்லிப் பயனில்லை. சட்டம் அவ்விதமே இருக்கிறது. 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, சரக்கு வண்டியில் பயணிக்கும் சரக்கின் சொந்தக்காரருக்கோ அவருடைய பிரதிநிதிக்கோ மட்டும் கட்டாய இன்சூரன்ஸின் பாதுகாப்பு உண்டு. அவரும் கேபினில் உட்கார்ந்திருக்க வேண்டும், லோடின்மேல் அல்ல. மற்றபடி ஏறிக்கொள்கிற உறவினர், நண்பர், சபையார் ஆகியோருக்கு அது கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு 2002 டிசம்பரில் முடிவு செய்தது. கலியாணத்துக்கும் கேரல் பவனிக்கும் கன்வென்ஷனுக்கும் லாரியில் ஆட்களை ஏற்றுகிற சபைகளும், வீடு மாறும்போது பிள்ளைகளை மெத்தைகளின் நடுவே உட்கார வைக்கிற குடும்பங்களும் இதை ஒருமுறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சாலையில் போகிற மூன்றாம் நபருக்கு அடிபட்டால் நிலைமை வேறு. டிரைவருக்குத் தகுந்த லைசென்ஸ் இல்லாவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்பு அதை வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடுகின்றன. 2004இல் உச்ச நீதிமன்றம் வகுத்த வழி அது. நம் சகோதரர் ஓட்டி, வழியில் ஒருவர் இறந்துபோனால், அண்ணாச்சியின் லாரியும் வீடும் அந்த வசூலுக்கு உட்படும். இதைச் சொன்னபோதுதான் அவர் முகம் மாறிற்று. அதுவரை தண்டத்தொகையையே அவர் எண்ணிக்கொண்டிருந்தார்.

லோடு ஏற்றுவதைப் பற்றிச் சிறிது. அனுமதிக்கப்பட்ட எடைக்கு மேல் ஏற்றினால் 20,000 ரூபாயும், மிஞ்சின ஒவ்வொரு டன்னுக்கு 2,000 ரூபாயும் தண்டம். வீட்டுச் சாமானில் எடை மிஞ்சுவது அரிது, நீளம்தான் மிஞ்சும். கட்டில் சட்டமோ பைப்போ பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலும் சட்டத்தில் அதே 20,000 ரூபாய்தான். ஸ்தலத்தில் கட்டிமுடிக்கிற தொகை மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். உபயோகித்த வீட்டுச் சாமான்களுக்கு, அவற்றின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினாலும், ஜி.எஸ்.டி. இ-வே பில் தேவையில்லை. ஆயினும் சாமான்களின் பட்டியல் ஒன்றைக் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், வழியில் நிறுத்திக் கேட்கிறவர்களிடம் பேச்சு வளராது. பிரிக்காத புதிய டி.வி. பெட்டியை 'உபயோகித்த சாமான்' என்று எழுதிவைக்காதீர்கள்.

லாரி புக்கிங் ஆபீஸ் மூலம் அனுப்புகிறவர்கள் பில்டியைக் கேட்டு வாங்குங்கள். சாமான்களின் மதிப்பையும் அனுப்பும் படிவத்தில் எழுதச் செய்யுங்கள். 2007ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டத்தின்படி, சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ புக்கிங் தேதியிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்தால்தான் வழக்குப் போட முடியும். துண்டுச் சீட்டில் எழுதித்தந்த தொகையோடு வண்டியை அனுப்பிவிட்டு, பீரோ கண்ணாடி உடைந்தபின் என்னிடம் வந்து சொல்கிறவர்களே அதிகம்.

நம் சகோதரர் அண்ணாச்சியிடம் ஒரு வாரம் பொறுத்திருக்கச் சொன்னார். டிரைவர் ஊரிலிருந்து திரும்பினபின், அவருக்குப் படியும் சாப்பாடும் பேசி, லாரி புறப்பட்டது. சகோதரர் பட்டியலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கேபினில் ஏறினார். மனைவியும் பிள்ளைகளும் நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் போனார்கள். வாலிபர் கூட்டத்தார் லோடு ஏற்றிக் கொடுத்துவிட்டு, லாரியிலேயே ரயில் நிலையம் வரை வருகிறோம் என்றார்கள். அவர்களை ஷேர் ஆட்டோவில் அனுப்பினோம்.

டிராக்டர் டிரெய்லரில் அறுப்புப் பண்டிகைக் காணிக்கைப் பொருட்களைக் கொண்டுவருவதைப் பற்றிக் கேட்டெழுதிய சகோதரிக்கு அடுத்த இதழில் பதில் எழுதுகிறேன்.